முள் பார்க்கிறவள்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

இதைப் பென்சிலில் எழுதுகிறேன். பேனா காகிதத்தில் கீச்சிடுகிறது, அப்பாவுக்குக் கேட்டுவிடும். காகிதத்துக்கு அடியில் பழைய பாவாடை ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். விளக்கு எரிகிறது. அதற்குப் பயமில்லை. ஏன் பயமில்லை என்று எழுத இன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா இதைத் தன் தம்பியிடம் கொடுத்தனுப்புவார். அவர் உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர். நீ பதில் எழுதினால் அவரிடமே கொடு. தபாலில் மட்டும் போட்டுவிடாதே.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் மனசில் முட்டிக்கொண்டு நிற்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்த அன்று பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். முலாம் பட்டறையின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அப்பா தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, இன்றைக்கு வேலை நிறைய, மீட்டர் முள் பார்க்க ஆள் வேண்டும், நாளைக்குப் போ என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பிறகு நான் பையோடு இறங்குவதை விட்டுவிட்டேன். அவரும் காரணம் சொல்வதை விட்டுவிட்டார். சாவி அவர் பெல்ட்டில் தொங்குகிறது. எனக்கு மஞ்சள் காமாலை என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

மீட்டர் அதே பழைய மீட்டர்தான். நிக்கல் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு, கருங்கல்மேல் வைத்து ஆறவிட்டு, இரண்டு தகடுகளையும் அதில் முக்கி முள்ளைப் பார்க்கிறேன். நிக்கல் நிறையக் கரைந்திருந்தால் கரண்ட் தாராளமாகப் பாய்ந்து முள் வலது பக்கம் போகிறது. குறைந்திருந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அப்போது நிக்கலின் பச்சை உப்பு சேர்க்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆனாலும் தெரிந்ததை எழுதினால்தான் மற்றதும் எழுத வருகிறது.

பொதுத்தேர்வு மார்ச் பத்தாம் தேதி தொடங்குகிறது. ஹால் டிக்கெட்டைப் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்து தையல்கார அக்கா பத்திரமாக வைத்திருக்கிறார். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் அவர் அனுப்பவே மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. இந்தத் தொட்டி ஓரத்திலேயே எனக்கு எல்லாம் முடிந்துவிடும். நீ ஒரு தடவை வந்து பேசினால் என்ன?

உன் தங்கை


பிப்ரவரி 9

எலிக்கு,

உன் கடிதத்தைக் கண்டக்டர் தம்பி டிக்கெட்டோடு டிக்கெட்டாக நீட்டியபோது யாரோ கடன்காரன் எழுதியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பென்சில் நுனியைக் கடிக்கும் பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை. காகிதத்தின் ஓரத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத வராது. நான் ஆட்டோவில் ஏறிய அன்று மேலே பார்த்தேன். நீ ஜன்னலில் நின்றாய். கையை ஆட்டுவாய் என்று நினைத்தேன். நீ ஜன்னலைச் சாத்தினாய். இந்த ஒன்றரை வருடத்தில் நான் உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் சாத்தும் சத்தம்தான் முதலில் வரும். நான் என்ன கொலையா செய்துவிட்டுப் போனேன்? ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதானே.

சரி. நானும் படித்துக்கொண்டேதான் முள் பார்த்தேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அதற்காக ஒருத்தியைப் பூட்டி வைக்க வேண்டுமா? எனக்குப் புரியவில்லை. அப்பா கோபக்காரர். ஆனால் படிப்பு விஷயத்தில் முரண்டு பிடித்தவர் இல்லை. நீ அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்டாயா, இல்லை எப்போதும்போல மூலையில் நின்று முணுமுணுத்தாயா? வாயைத் திறந்து கேள்.

நான் வருவது நடக்காது. உன் அத்தான் அந்தத் தெருவில் கால் வைத்தால் அமிலத் தொட்டியில் தள்ளிவிடுவேன் என்று அப்பா சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். இங்கே கடைக்குப் பின்னால் ஒரே அறை. மாமியாரும் நாங்களும் படுத்தால் நடக்க இடமில்லை. வந்துவிடு என்று எழுத ஆசைதான். எழுதிவிட்டு உன்னை எங்கே படுக்க வைப்பேன்?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. விளக்கு எரிகிறது, பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். கதவிடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலே கீழேயிருந்து கத்துகிறவர் ஆயிற்றே அவர்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்த வரியை எழுதிவிட்டு மாடிப்படியில் சத்தம் கேட்கிறதா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இடது கண்ணில் சாமான் கழுவும் காரத்தண்ணீர் தெறித்தது உனக்குத் தெரியும். அப்போது நீ இங்கேதான் இருந்தாய். வலது கண் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருக்கிறது. எனக்கு அரையாண்டு விடுமுறையில்தான் தெரிந்தது. ஒரு நாள் வேலைக்கு வந்த நெட்டையண்ணன் சாமான்களைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா பச்சை உப்பு மூட்டையைத் தூக்கிப்போய், நிக்கல் தொட்டி என்று நினைத்து, அலசும் தண்ணீரில் கொட்டினார். கொட்டிவிட்டுத் துடுப்பைப் போட்டு நிதானமாகக் கலக்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போயிற்று.

தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாராம். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "பார்த்தாச்சு, விடு" என்கிறார். பட்டறைக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். எந்தத் தொட்டி எங்கே, எந்தக் குழாய் சொட்டுகிறது, எல்லாம் காலடிக் கணக்கில் வைத்திருக்கிறார். சாமானை நகத்தால் சுரண்டிப் பார்த்தே முலாம் ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுகிறார். முள் ஒன்றுதான் அவர் கைக்கும் காதுக்கும் சிக்காதது. அதனால்தான் நான். குழாய் வியாபாரிக்குத் தெரிந்தால் முலாம் போடச் சாமான் தருவதை நிறுத்திவிடுவார், எல்லாரும் நிறுத்திவிடுவார்கள் என்கிறார். அதுவும் பொய்யில்லை. அதனால் காலையிலிருந்து வேலை முடியும்வரை கூப்பிட்ட குரலுக்கு நான் இறங்கி நிற்க வேண்டும்.

அவருடைய காது பெரிதாகிவிட்டது, அக்கா. நான் புரண்டு படுத்தால் கீழே அவர் கட்டில் கிறீச்சிடுகிறது. ஒரு தடவை மேலே ஏறி வந்தார். நான் தூங்குவதுபோலக் கிடந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூச்சுவிடாமல் பார்த்தேன். அவர் மேசையைத் தடவிக்கொண்டு வந்து, பல்பு பக்கமாக உள்ளங்கையை நீட்டினார், அடுப்பு அணைந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. சூடு பட்டதும் கையை எடுத்துக்கொண்டார். அவர் இறங்கிப்போய் வெகுநேரம் ஆன பிறகும் என் முதுகு நனைந்தே இருந்தது.

ஜன்னல் விஷயம். நீ ஆட்டோவில் ஏறியபோது அப்பா எனக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "எந்தப் பக்கம் திரும்புது பார்" என்று என்னிடம் கேட்டார். தெரு காலியாக இருந்தது, ஒரே ஒரு ஆட்டோ, அவர் கண்ணுக்கு முன்னால்தான் போனது. ஆனாலும் என்னைக் கேட்டார். சொன்னால் பின்னாலேயே வந்துவிடுவார் என்று பயந்து ஜன்னலைச் சாத்தினேன். அன்றைக்கே அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

ஒரு யோசனை. அத்தான் ரேடியோ மனிதர்தானே? முள்ளுக்குப் பதிலாகச் சத்தம் வருகிற மாதிரி ஒரு பெட்டி செய்ய முடியுமா? கரண்ட் அதிகம் பாய்ந்தால் மெல்லிய சத்தம், குறைந்தால் தடித்த சத்தம். அப்படி ஒன்று இருந்தால் அப்பா காதாலேயே நிக்கலை அளந்துவிடுவார். பிறகு நான் எதற்கு?

தங்கை


பிப்ரவரி 18

எலிக்குட்டி,

முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. பிறகு மறுபடி அழுதேன். மாமியார் வெங்காயம் நறுக்குகிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கிளம்பி வந்துவிடுவதா, உன்னைக் கிளம்பி வரச் சொல்வதா என்று உன் அத்தானிடம் கேட்டுக் கேட்டு அவரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் அவர் போர்வையை உதறிவிட்டு, "பெட்டியையாவது செஞ்சு முடிக்கிறேன், விடு" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இதோ பெட்டி. பழைய டார்ச் பேட்டரியிலிருந்து உருவிய இரண்டு கரிக்குச்சிகளை ஒரு தக்கையில் பதித்திருக்கிறார். இடைவெளி மாறவே மாறாது, மாறினால் சத்தமும் பொய் சொல்லும் என்கிறார். குச்சிகளைத் தண்ணீரில் முக்கினால் பெட்டி பாடும். நிக்கல் நிறைய இருந்தால் கொசு மாதிரி, குறைந்தால் தவளை மாதிரி. கூட மூன்று சீசாக்கள் வைத்திருக்கிறேன். மூன்றிலும் உப்புத் தண்ணீர், ஆனால் வேறு வேறு அளவு. மீட்டரில் எந்த எண்ணுக்கு எந்தச் சீசா என்று மூடியில் கீறி வைத்திருக்கிறேன். மூன்றையும் கேட்டுப் பழகினால் நடுவில் இருப்பதெல்லாம் காதுக்கே பிடிபடும்.

ஆறவிட்டு முக்க வேண்டும் என்பதை உனக்கோ அவருக்கோ நான் சொல்லத் தேவையில்லை. சூட்டில் கரண்ட் கூடுதலாகப் பாயும், இல்லாத நிக்கலை இருப்பதாகக் காட்டும் என்று அவர் சொல்லிச் சொல்லி வளர்ந்த காதுகள் நம்முடையவை. எத்தனை நாள் அவசரப்பட்டு முக்கி முதுகில் வாங்கியிருப்போம்? "தம்ளர் ஆறாம எவனாவது முக்கினா அவன் என் பட்டறைக்காரன் இல்ல." தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன்.

யார் செய்தது என்று மட்டும் வாயைத் திறக்காதே. பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார் பாடத்துக்காகச் செய்தது, தையல்கார அக்கா வாங்கி வந்தார் என்று சொல். மாமனாருக்குத் திருட்டுத்தனமாகச் சீர் அனுப்பும் முதல் மருமகன் தான்தான் என்று உன் அத்தான் சிரிக்கிறார்.

ஜன்னல் விஷயத்தில் நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். இதற்குமேல் எழுதினால் காகிதம் நனைந்துவிடும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

பெட்டி வந்துவிட்டது. தையல்கார அக்கா ரவிக்கை மூட்டைக்குள் வைத்துக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டினார். "இடுப்புல ரெண்டு இஞ்ச் கூட்டி வச்சிருக்கேன், போட்டுப் பாரு" என்று சத்தமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நெட்டையண்ணன் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து அப்பாவிடம் காட்டினேன். வாத்தியார் செய்தது என்றேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குச்சிகளை முதல் சீசாவில் முக்கினேன். பெட்டி கத்தியது. அப்பாவின் தலை தானாகத் திரும்பியது. இரண்டாவது சீசா. மூன்றாவது. பிறகு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றாக முக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி முக்கி, சாப்பாட்டையே மறந்துவிட்டார். நிக்கல் தம்ளரை மொண்டு கல்மேல் வைத்தார். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து நன்றாக ஆறிய பிறகுதான் முக்கினார். ஒரு எண் சொன்னார். நான் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். முள் அவர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்துக் கோட்டில் நின்றது. "எத்தனை?" என்றார். சொன்னேன். அவர் சிரித்தார், அக்கா. சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு பெட்டியைத் திருப்பி, ஈயம் பற்றவைத்த இடங்களை விரல் நுனியால் தடவினார். "வாத்தியாருக்குச் சுத்தமான கை" என்றார்.

நல்ல நேரம் என்று நினைத்துக் கேட்டேன். மூலையில் நின்று முணுமுணுக்கவில்லை, நேராகக் கேட்டேன். பரீட்சைக்குப் போகட்டுமா அப்பா என்றேன். அவர் பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு முழுவதும் அவர் என்னை ஒரே ஒரு தடவைதான் கீழே கூப்பிட்டார். நான் மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விட்டுப்போன பாடம் மலையாக இருக்கிறது. ஆனாலும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

எலி


மார்ச் 1

எலி,

உன் கடிதத்தை உன் அத்தான் மூன்று தடவை படித்தார். "சுத்தமான கை" வந்ததும் நிறுத்தி, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வாடிக்கையாளர் ஒருவர் கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தார், இவர் கவனிக்கவில்லை.

இங்கே தெருவில் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. மேலே படிக்கிற பிள்ளைகள் தங்குகிறார்கள். போய் விசாரித்தேன். பரீட்சை எழுதி முடித்து மார்க்கோடு வந்தால் இடம் தருவார்களாம். ஜன்னலெல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது. இதை இப்போது எழுதக் கூடாது என்று நினைத்தேன், கை கேட்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

அக்கா


மார்ச் 5

அக்கா,

இதைச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் சத்தத்திலும், குழாயைத் திறந்துவிட்ட சத்தத்திலும் விட்டு விட்டு எழுதுகிறேன். கதவுக்கு இரண்டாவது பூட்டு வந்துவிட்டது.

நேற்று குழாய் வியாபாரியின் அவசர வேலை. சாக்கு நிறையத் தண்ணீர்க் குழாய்கள். தொட்டியில் நிக்கல் இளைத்திருந்தது, உப்பு சேர்க்க வேண்டிய நாள். நான் முள் பார்க்கட்டுமா என்று மாடிப்படியிலிருந்து கேட்டேன். "பெட்டி இருக்கே, நீ படி" என்றார் அப்பா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தும் சத்தம் கேட்டது. கொசு மாதிரி, மிக மெல்லிய சத்தம். இவ்வளவு நிக்கல் எப்படி இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அதற்குள் அவர் நெட்டையண்ணனிடம், உப்பு வேண்டாம், சாமானை இறக்கு என்று சொல்லிவிட்டார்.

எடுத்தபோது குழாய்களின் ஓரமெல்லாம் கருகியிருந்தது. நிக்கல் இல்லாத தொட்டியில் கரண்டை மட்டும் விட்டால் வேறென்ன ஆகும்? சாயங்காலம் வியாபாரி வந்து ஒரு குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்பா உடனே, "வாத்தியார் ஒரு பெட்டி குடுத்தாரு, அதை நம்பிட்டேன். பெட்டி பொய் சொல்லுது. இனி என் பொண்ணு கண்ணுதான்" என்றார். மெருகு போட்டுக் கொண்டு வந்தால் மறுபடி இனாமாக முலாம் ஏற்றித் தருவதாகச் சொன்னார். பெட்டியைத் துணியோடு தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஆனால் காலையில் பெட்டிச் சத்தம் கேட்டு நான் இறங்கிய உடனே தம்ளரைத் தொட்டிருந்தேன். அலசி வைக்கலாம் என்று எடுத்தேன். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவர் அதைக் கல்மேல் வைக்கவே இல்லை. தொட்டியிலிருந்து மொண்ட சூட்டிலேயே முக்கியிருக்கிறார்.

அவசரம், மறந்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. வேறு யாராவது மறக்கலாம். நெட்டையண்ணன் மறக்கலாம், நான் மறக்கலாம். அப்பா மறக்கமாட்டார். காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூட "ஆறிடுச்சா?" என்று கட்டிலிலிருந்து கேட்டவர் அவர். பெட்டி பொய் சொல்லவில்லை, அக்கா. பொய் சொல்ல வைத்தார். தன் தொழிலையே கருக்கி, வியாபாரி முன்னால் தலைகுனிந்து, எல்லாவற்றையும் இதற்காகச் செய்திருக்கிறார்.

இதுவரை மீட்டருக்காகத்தான் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மீட்டருக்கு வழி செய்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது என்ன செய்வது? ஒருத்தி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்கு எந்தப் பெட்டியைச் செய்வது?

நீ கேட்டதற்குப் பதில்: கேட்கவில்லை. ஆனால் உன் சைக்கிளை யாருக்கும் விற்கவில்லை.

எலி


மார்ச் 7

எலி,

போதும். பத்தாம் தேதி காலை நானும் உன் அத்தானும் வருகிறோம். கடைத்தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார், அவர்களும் வருவார்கள். பூட்டை உடைக்க வேண்டியிருந்தால் உடைப்போம். வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இந்த மனுஷனுக்குக் கண் தெரியாது, இந்தப் பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று கத்துவேன். எனக்கு வெட்கமில்லை. அவர் என்னைத் துரத்திய அன்றே அதெல்லாம் போயிற்று.

தம்ளர் விஷயத்தைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நீ உடுப்பையும் ஹால் டிக்கெட்டையும் தயாராக வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

வராதே. கையெடுத்துக் கேட்கிறேன்.

நீ வந்தால் இது உன் சண்டையாகிவிடும். அத்தானைப் பார்த்ததும் அவருக்குக் கத்துவதற்கு வேறு விஷயம் கிடைத்துவிடும். நீங்கள் இருவரும் வாசலில் கத்திக்கொண்டிருப்பீர்கள், நான் கம்பிக்கு இந்தப் பக்கம் பரீட்சை அட்டையோடு நின்றுகொண்டிருப்பேன். பூட்டை உடைத்து என்னைக் கூட்டிப்போனாலும் அவர் தெருவில் விழுந்து கிடப்பதைத்தான் விடைத்தாளில் பார்ப்பேன்.

எனக்கு ஒரு நாள் இருக்கிறது. நான் மூலையை விட்டு வந்து பார்க்கிறேன். முடியாவிட்டால் பதினொன்றாம் தேதி வா. அப்போது எதை வேண்டுமானாலும் உடை.

எலி


மார்ச் 10

அக்கா,

முதலில் உனக்கு வேண்டிய செய்தி. பரீட்சை எழுதிவிட்டேன். இன்னும் நான்கு இருக்கின்றன.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எனக்கே அதில் பெருமை இல்லை.

வியாபாரி மெருகு போட்ட குழாய்களை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா கூப்பிட்டார். இறங்கினேன். தம்ளர் ஆறியிருந்தது, நானே தொட்டுப் பார்த்தேன். தகடுகளை முக்கினேன். சுவிட்சைப் போடவில்லை.

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"நீங்களே பாருங்கப்பா" என்றேன்.

நெட்டையண்ணன் கொக்கியோடு அப்படியே நின்றார். அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மீட்டர் முன்னால் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"நாற்பத்திரண்டு" என்றார்.

வியாபாரி மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது நெட்டையண்ணன், "சரிங்க முதலாளி, ரெண்டு கரண்டி உப்பு போட்டா சரியாயிடும்" என்று சொல்லி, தானாகவே போய் எடுத்துப் போட்டார். வியாபாரி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். சாக்கை எடுத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன். "நாளன்னைக்கு வரேன், அவசரமில்ல" என்றார். சாக்கு அங்கேயே இருந்தது.

எல்லாரும் போன பிறகு அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். மீட்டரைப் போட்டால் வண்டு மாதிரி ஒரு முனகல் வரும். அது வராததை என் காதே கவனித்திருந்தது. அவர் காது கவனிக்காமல் இருக்குமா? அவர் குனியும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் குனிய வேண்டியிருந்தது. வேறு வழி நான் வைக்கவில்லை.

"சுவிட்ச் போடல, இல்ல?" என்றார்.

"போடலப்பா."

அவர் கையை ஓங்குவார் என்று காத்திருந்தேன். ஓங்கவில்லை. மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்: "அன்னைக்குத் தம்ளர் சுட்டுச்சுப்பா."

அவர் உள்ளங்கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் மாடிக்குப் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். இருட்டிவிட்டது. எழுந்துபோய் விளக்கைப் போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒரே இருட்டில் இருந்தோம்.

"நீயும் அங்க போயிடுவ" என்றார் கடைசியில்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் சொன்னார். பெரிய பெரிய ஜன்னல் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

முட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "பரீட்சை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அதோடு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

இன்று காலை உடுத்திக்கொண்டு இறங்கினேன். அவர் ஏற்கனவே குளித்து, கதவருகே நின்றுகொண்டிருந்தார். இரண்டு பூட்டு. சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு துவாரத்தைத் தடவினார். முதல் சாவி நுழையவில்லை. மாற்றினார், தலைகீழாகப் பிடித்திருந்தார். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே கொடுங்கப்பா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் வாங்கித் திறந்தால் மறுபடி அவருடைய கண்ணாகிவிடுவேன். அப்புறம் எந்தக் காலத்திலும் இறங்கிப்போக மாட்டேன். பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் இதுவரை செய்ததில்லை. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. முதல் பூட்டு திறந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் திறந்தது.

கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன் போலிருக்கிறது, எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவுக்கு மறுபக்கம், யாருமில்லாத சுவரைப் பார்த்து, "பதறாம எழுது" என்றார்.

நெட்டையண்ணன் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் தையல்கார அக்கா ஹால் டிக்கெட்டோடு நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் நடந்துபோய், அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று, "சரிப்பா" என்றேன்.